இரட்டைப் பிணைப்பா, நீளமான சங்கிலியா: எதை முதலில் பார்ப்பது?

வணக்கம். கரிம வேதியியலை இப்போதுதான் தொடங்கியிருக்கும் சில மாணவர்களுக்கு ஹைட்ரோகார்பன்களுக்கு (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்கள்) பெயரிடச் சொல்லிக் கொடுக்கிறேன். ஓரிடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள ஆல்கேன் வரை சிக்கல் இல்லை. நீளமான கார்பன் சங்கிலியைத் தேடு, கிளைக்குச் சிறிய எண் வரும்படி எண்ணு, அவ்வளவுதான். சம நீளத்தில் இரண்டு சங்கிலி வந்தால் அதிகக் கிளைகள் உள்ளதை எடு என்பதும் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. 3-எத்தில்-2-மெத்தில்பென்டேனைத் தயங்காமல் எழுதுகிறார்கள்.

குழப்பம் இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீனில்தான். ஒரு கார்பனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு எத்தில் (இரண்டு கார்பன்), ஒரு பியூட்டைல் (நான்கு கார்பன்), அப்புறம் இரட்டைப் பிணைப்பில் ஒரு CH₂. பெரும்பாலான பாடநூல்களின் வழியில், இரட்டைப் பிணைப்பு சங்கிலிக்குள் இருந்தே ஆக வேண்டும். எனவே ஆறு கார்பன், 2-எத்தில்ஹெக்ஸ்-1-ஈன். ஆனால் வேதிப் பெயரிடலுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐ.யு.பி.ஏ.சி.யின் 2013 பரிந்துரைகளில் சங்கிலியின் நீளத்துக்கே முதலிடம். அப்படிப் பார்த்தால் ஏழு கார்பன், 3-மெத்திலிடீன்ஹெப்டேன் (அந்த CH₂தான் மெத்திலிடீன் என்ற கிளை). பொருள் ஒன்றுதான், பெயர் இரண்டு!

தொடக்க நிலையில் பழைய முறையே போதும் என்பது என் எண்ணம். இரட்டைப் பிணைப்புதான் அந்த மூலக்கூறின் வினைகளைத் தீர்மானிக்கிறது, அது பெயரின் முடிவிலேயே தெரிவது நல்லது. இருந்தாலும் மேல்வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் தடுமாறக் கூடாதே என்ற கவலை இருக்கிறது.

பாடம் நடத்துபவர்கள், விடைத்தாள் திருத்துபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: புதிய பெயரை மாணவர் எழுதினால் மதிப்பெண் தருவீர்களா? இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறீர்களா, இல்லை ஒன்றை ஒத்திவைக்கிறீர்களா?