கண்ணாடியில் அனிமே: கறுப்புக் கோடு முன்பக்கமா, பின்பக்கமா?

நிறக்கூடை, பெரம்பூர்:

செல்தாள் என்ற பெயரில் இந்தக் குழுவில் எழுதுபவர் முந்தாநாள் போட்ட ஒரு வரி இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. "கண்ணாடியில் அனிமே வரைபவர்கள் கறுப்புக் கோட்டை முன்பக்கத்திலும் நிறத்தைப் பின்பக்கத்திலும் போட வேண்டும். இரண்டையும் பின்பக்கத்திலேயே போட்டால் அது அனிமே ஆகாது, வெறும் தஞ்சாவூர்ப் படம்தான்" என்று அவர் தீர்ப்பே எழுதிவிட்டார். பதினொரு ஆண்டுகளாகச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கண்ணாடியைக் கிடத்தி, ஜப்பானிய அசைபடப் பாணியான அனிமே முகங்களை வரைந்துவருகிறேன். என் படங்களில் ஒன்றில்கூட முன்பக்கத்தில் கோடு கிடையாது.

காரணத்தைச் சொல்கிறேன். முன்பக்கம் என்பது எல்லோருடைய கையும் படுகிற பக்கம். தூசி தட்டும் துணியும், வீட்டுக்கு வரும் குழந்தைகளின் விரலும் அங்கேதான் படும். படம் முழுவதும் பின்பக்கத்தில் இருந்தால் கண்ணாடியே அதற்குக் காவலாகிவிடுகிறது. அதற்காக வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கிறது: முதலில் கோடு, அடுத்துக் கண்ணில் மின்னும் வெள்ளைப் புள்ளி, பிறகு பாவை, பிறகு கருவிழியின் நிறங்கள், தலைமுடியின் நிழல், அதற்குப் பின்னால் முடியின் அடிநிறம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. தாளில் கடைசியாக வைக்கிற புள்ளியை இங்கே ஆரம்பத்திலேயே வைத்தாக வேண்டும். மறந்துபோனால் மேலே பூசியதைச் சுரண்டாமல் திருத்த முடியாது. மாதிரித் தாளையும் இடவலமாகத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வலக்கையில் வாள் பிடித்தவன் இடக்கைக்காரனாகிவிடுவான். இத்தனை கவனத்தோடு செய்கிற வேலையை "வெறும்" என்று ஒருவர் ஒதுக்குவதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

செல்தாள், வளசரவாக்கம்:

நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றப்போவதில்லை. அனிமேயின் அந்தத் தட்டையான, வழவழப்பான நிறம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். அசையும் உருவத்தை மட்டும் 'செல்' எனப்படும் ஒளிபுகும் தாளில் வரைந்து, அசையாத பின்னணியின்மேல் வைக்கும் முறைக்கு அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் 1914இல் காப்புரிமை கோரினார். முதலில் செல்லுலாய்டு, பின்னர் எளிதில் தீப்பிடிக்காத செல்லுலோஸ் அசிடேட் என்று தாள் மாறியதே தவிர வேலைமுறை மாறவில்லை: கோடு முன்பக்கத்தில், நிறம் பின்பக்கத்தில். ஜப்பானிய அசைபடக் கூடங்களும் அதையே பின்பற்றின. பின்னால் பூசிய நிறத்தின் தூரிகைத் தடம் முன்னாலிருந்து தெரியாது. முன்னால் இருக்கும் கோட்டை நிறம் நனைக்காது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அனிமேயின் தோற்றம்.

பின்பக்கத்தில் கோட்டை இழுத்துவிட்டு அதன்மேலேயே ஈர நிறத்தைத் தேய்ப்பவர்களின் படங்களில் கறுப்பு கரைந்து, கன்னமெல்லாம் சாம்பல் படர்ந்திருப்பதை இதே இடத்தில் பார்த்திருக்கிறேன். யாருடைய படங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிறக்கூடை, பெரம்பூர்:

சொல்லிவிடுங்கள் தம்பி, நான் ஒன்றும் ஓடி ஒளியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் நான் போட்ட நீலமுடிப் பெண்ணின் படத்தைத்தான் சொல்கிறீர்கள். அன்று கோடு காய்வதற்குள் அவசரப்பட்டேன், கரைந்தது. அதற்கு மருந்து கோட்டை முன்பக்கத்துக்கு மாற்றுவதன்று. கரைப்பான் கலந்த கறுப்பால் கோடு போட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதன்மேல் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசினால் ஒன்றை ஒன்று கரைக்காது. அதற்குப் பிறகு ஒரு கோடும் எனக்குக் கரைந்ததில்லை.

இப்போது நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு வருகிறேன். செல் தாளின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கோடு ஒரு பக்கமும் நிறம் மறுபக்கமும் இருந்தாலும் அவை ஒட்டியே இருப்பதுபோலத்தான் தெரியும். நாம் வரைவது 4 மி.மீ. கண்ணாடியில். நேர் எதிரே நின்று பார்த்தால் சரியாக இருக்கும். 45 டிகிரி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். கண்ணாடிக்குள் ஒளி ஏறத்தாழ 28 டிகிரியாக மடங்குவதால், கோட்டுக்கும் அதற்குரிய நிறத்துக்கும் நடுவே சுமார் 2 மி.மீ. விலகல் தெரியும். ஏ4 அளவு முகத்தில் மேலிமையின் கோடே ஒரு மி.மீ. தானே! இமை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக நிற்கும். போதாததற்கு, பக்கச் சுவரில் ட்யூப்லைட் எரிந்தால் முன்பக்கத்துக் கோடு ஒவ்வொன்றும் பின்னால் இருக்கும் நிறத்தின்மேல் நிழல் விழுத்தும். மூக்கு இரண்டாகத் தெரிகிற முகத்தையா அனிமே என்கிறீர்கள்?

கண்ணாடிக்கடைப் பிள்ளை, பூங்கா நகர்:

இரண்டு பேரும் கண்ணாடியின் தடிமனைப் பற்றிப் பேசுவதால் குறுக்கிடுகிறேன். படச் சட்டத்துக்கு நாங்கள் வெட்டிக்கொடுப்பது பெரும்பாலும் 2 மி.மீ. கண்ணாடி. வரைவதற்கென்று வருபவர்கள் கனமாக இருந்தால் நல்லது என்று நினைத்து 4 அல்லது 5 மி.மீ. கேட்டு வாங்கிப்போகிறார்கள், அந்தக் கனத்துக்குச் சுவரில் ஆணி தாங்காமல் திரும்பி வருபவர்களும் உண்டு. எதை வாங்கினாலும் விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், ஒரு ரூபாயை மிச்சம் பிடித்துக் கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

செல்தாள், வளசரவாக்கம்:

பார்த்தீர்களா? 2 மி.மீ. கண்ணாடியை எடுத்தால் விலகல் ஒரு மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. தவறான கண்ணாடியை வாங்கிவிட்டு முறையைக் குறைசொல்வது நியாயமில்லை. தவிர, ஓவியத்தை நேரே நின்றுதான் பார்ப்பார்கள். கோடு முன்பக்கத்தில் இருந்தால் தவறிய இடத்தைப் பிளேடால் சுரண்டி மறுபடி இழுக்கலாம், பின்னால் இருக்கும் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் முறையில் ஒரு புருவம் கோணினால் முகம் முழுவதையும் துடைக்க வேண்டும். எனவே மீண்டும் சொல்கிறேன்: கோடு முன்னால், நிறம் பின்னால்.

இன்னொன்று. என்னைத் "தம்பி" என்று அழைக்க வேண்டாம். ஓர் அசைபடக் கூடத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான்.

மாம்பலத்து மரபு, மேற்கு மாம்பலம்:

கோடு எந்தப் பக்கம் என்பது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். "வெறும் தஞ்சாவூர்ப் படம்" என்ற சொல்லுக்குத்தான் எனக்கு விளக்கம் வேண்டும். தஞ்சாவூர்ப் படம் என்று பொதுவாகச் சொல்வது பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சால் மேடுகட்டி, கற்களும் தங்கத்தாளும் பதித்துச் செய்வது. கண்ணாடியின் பின்புறம் தலைகீழ் வரிசையில் வரைவது அதற்குப் பங்காளி முறையிலான வேறொரு கலை. 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வணிகக் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்து, தஞ்சையில் வேரூன்றி, செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் ஏறியது. இதைக்கூடப் பிரித்தறியாதவர் எது அனிமே, எது அனிமே இல்லை என்று தீர்ப்புச் சொல்வதை எப்படி ஏற்பது? சென்ற நவராத்திரியில் என் வீட்டுக் கண்ணாடிக் கிருஷ்ணரை "பழைய காலண்டர்" என்று எழுதியவரும் இவர்தான் என்பதை நான் மறக்கவில்லை.

செல்தாள், வளசரவாக்கம்:

காலண்டர்போல் இருந்ததால் அப்படி எழுதினேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கோடு முன்பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

காசிமேட்டுப் பென்சில், காசிமேடு:

அக்கா, அண்ணா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் கேள்வி வேறு. கார்த்திகை மழையில் என் படத்தின் அக்ரிலிக் ஓர் ஓரத்தில் எழும்பி, இழுத்தவுடன் பாலாடைபோல உரிந்துவந்துவிட்டது. நான் கோட்டைப் பின்பக்கத்தில்தான் போட்டிருந்தேன். அதனால்தான் உரிந்ததா?

செல்தாள், வளசரவாக்கம்:

ஆம். ஒரே பக்கத்தில் அடுக்கு அடுக்காக ஏற்றினால் உரியத்தான் செய்யும். கோடு முன்பக்கத்தில் இருந்திருந்தால் ஓர் அடுக்காவது குறைந்திருக்கும்.

நிறக்கூடை, பெரம்பூர்:

படிக்கிற பிள்ளைக்குத் தவறான வழியைக் காட்டாதீர்கள். உரிந்ததற்கும் கோட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்ணாடியில் நுண்துளைகள் கிடையாது, ஆகவே நிறம் உள்ளே ஊறிப் பிடித்துக்கொள்ள வழியில்லை, மேலே ஒரு தோலாகத்தான் நிற்கும். விரல் பட்ட எண்ணெய்ப் பசை இருந்தால் அதுவும் நிற்காது. தம்பி, வரைவதற்கு முன்னால் கண்ணாடியைப் பாத்திரச் சோப்பால் கழுவிக் காயவைத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அதன்பிறகு ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஒரு பூச்சு காயாமல் அடுத்ததை ஏற்றாதீர்கள். கடலோரக் காற்றில் அக்ரிலிக் தோல் ஈரத்தை வாங்கி இளகும் என்பதால், காசிமேட்டில் இருக்கும் நீங்கள் மழைமாதத்தில் இரண்டு மடங்கு நேரம் காயவிடுங்கள். எல்லாம் முடிந்து சில நாள் கழித்துப் பின்புறம் முழுவதும் வார்னிஷ் பூசி, ஓரம்வரை மூடிவிடுங்கள்.

சுடுவதற்கென்றே வரும் வண்ணங்களும் உண்டு. ஒரு நாள் காயவைத்து, குளிர்ந்த ஓ.டி.ஜி. மின் அடுப்பில் வைத்து, மெல்லச் சூடேற்றி, 160 டிகிரி வந்த பிறகு 40 நிமிடம் கணக்கிட்டு, அடுப்புக்குள்ளேயே ஆறவிட வேண்டிய வகை அது. சூடான அடுப்பில் நேராக வைத்தால் கண்ணாடி விரிசல் விடும். புட்டியில் என்ன வெப்பம், எவ்வளவு நேரம் எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். சாதாரண அக்ரிலிக்குக்கு இது பொருந்தாது.

இந்தப் பிள்ளைக்கும் கோட்டையே காரணமாகச் சொன்னவரிடம் மறுபடியும் கேட்கிறேன்: 2 மி.மீ. கண்ணாடியில் ஒரு மில்லிமீட்டர் விலகல் உண்டு என்று நீங்களே எழுதினீர்கள். ஒரு மில்லிமீட்டர் இமை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், கோடு முழுவதும் தன் இடத்தைவிட்டு வெளியே போய்விட்டது என்றுதானே பொருள்?

மாம்பலத்து மரபு, மேற்கு மாம்பலம்:

சரியான கேள்வி. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: செல் தாளில் தொடர்ந்து வந்த கடைசித் தொலைக்காட்சித் தொடரான சாஸாயே-சான்கூட 2013இல் கணினிக்கு மாறிவிட்டது. கணினியில் முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது? இன்று வருகிற தொடர்களையும் அனிமே இல்லை என்று செல்தாள் தள்ளிவிடுவாரா?

செல்தாள், வளசரவாக்கம்:

கணினியிலும் கோடு மேல் அடுக்கு, நிறம் கீழ் அடுக்கு. நான் சொன்னதைத்தான் நீங்களும் நிரூபித்திருக்கிறீர்கள்.

நிறக்கூடை, பெரம்பூர்:

என் முறையிலும் பார்ப்பவருக்குக் கோடு முன்னால்தான் இருக்கிறது, நிறம் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது! இரண்டும் கண்ணாடியின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். இமையைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

செல்தாள், வளசரவாக்கம்:

நேரே நின்று பாருங்கள் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

நிறக்கூடை, பெரம்பூர்:

என் வீட்டுக் கூடத்தில் படம் மாட்டியிருக்கும் சுவருக்கு நேர் எதிரே சமையலறை வாசல். வருபவர்கள் எல்லோரும் இடப்பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார்கள். அவர்களை எழுப்பி நேரே நிற்கச் சொல்ல நான் தயாரில்லை. பூங்கா நகரில் நாளை 3 மி.மீ. கண்ணாடி இரண்டு வாங்கப்போகிறேன். ஒரே முகத்தை ஒன்றில் உங்கள் முறைப்படியும் மற்றொன்றில் என் முறைப்படியும் வரைந்து, அந்த நாற்காலியிலிருந்து படமெடுத்துப் போடுகிறேன்.

செல்தாள், வளசரவாக்கம்:

என் முறைப்படி நீங்கள் வரைந்தால் அது என் முறையாக இருக்காது. நானே வரைந்து போடுகிறேன், 2 மி.மீ. கண்ணாடியில்.

காசிமேட்டுப் பென்சில், காசிமேடு:

அக்கா, உரிந்துபோன கண்ணாடியையே கழுவி மறுபடி வரையலாமா, புதிது வாங்க வேண்டுமா?