குவானா பார்க்கர் எப்படி எல்லாக் கோமாஞ்சிகளுக்கும் தலைவரானார்?

புல்வெளி: கோமாஞ்சிகள் அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர். 1875 ஜூன் 2-இல் ஃபோர்ட் சில் என்ற அமெரிக்க ராணுவக் கோட்டையில் சரணடைந்தபோது குவானா இளைஞர். அவரைவிட மூத்த தலைவர்கள் பலர் இருந்தார்கள். அப்பா பீட்டா நோகோனாவின் வாரிசு என்பதால் பதவி கிடைத்ததா?

செம்மண்: இல்லை. கோமாஞ்சிகளிடம் வாரிசுமுறையும் கிடையாது, எல்லாருக்கும் பொதுவான ஒரே தலைவரும் கிடையாது. குவானா இருந்தது குவஹாடி என்ற குழுவில். ஒருவர் போருக்குக் கிளம்பினால் விருப்பமுள்ளவர்கள் கூடப் போவார்கள். தோற்றுத் திரும்பினால் அடுத்த தடவை ஆள் சேராது. 1874 ஜூன் 27-இல் எருமை வேட்டைக்கு வந்த வெள்ளையர் தங்கியிருந்த அடோபி வால்ஸ் வணிக நிலையத்தைத் தாக்கியபோது, தோட்டா துளைக்காது என்று வாக்குக் கொடுத்தவர் ஈசாடாய் என்ற மந்திரவாதி. உள்ளே 28 பேர்தான், ஆனால் தடித்த மண்சுவர், வெகுதூரம் சுடும் ஷார்ப்ஸ் துப்பாக்கிகள். தாக்குதல் பலிக்கவில்லை, ஈசாடாயின் பெயர் கெட்டது. செப்டம்பர் 28-இல் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் அமெரிக்க ராணுவ அதிகாரி மெக்கன்சியின் படை கொன்ற மனிதர்கள் சிலரே. பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேல் சுட்டுத் தள்ளியது, கூடாரங்களையும் குளிர்கால உணவையும் எரித்தது. குதிரை இல்லாமல் எருமை வேட்டை ஏது? பணிய வைத்தது அதுதான்.

கிழக்குக்காற்று: பதவி வந்தது சரணடைந்த பிறகு. பேசி முடிக்க அமெரிக்க அரசுக்கு ஒரே ஆள் தேவைப்பட்டது. குவானா அதற்கு ஒத்துவந்தார். டெக்சாஸ் பண்ணையார்கள், பூர்வகுடிகளுக்கென அரசு ஒதுக்கிய ஒதுக்கீட்டு நிலத்தில் திருட்டுத்தனமாக மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். 1885 வாக்கில் அதைக் குத்தகையாக்கினார்கள்: ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 சென்ட், தலைக்கு இவ்வளவு என்று பங்கு. குவானா அதற்கு முன்னின்றார். பண்ணையார்கள் அவருக்குத் தனியாகவும் சம்பளம் கொடுத்தார்கள், அதே நிலத்தில் இருந்த கயோவா என்ற இன்னொரு இனத்தவர் பலர் குத்தகையை எதிர்த்ததை மறைக்கக் கூடாது. 1886-இல் ஒதுக்கீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியானார். பல மனைவிகள் இருந்ததால் 1898-இல் நீக்கினார்கள்.

செம்மண்: சம்பளம் வாங்கியது உண்மை. ஆனாலும் 1892-இல் அரசு அனுப்பிய ஜெரோம் குழு ஒதுக்கீட்டு நிலத்தைப் பிரிக்க வந்தபோது அவர் கேட்டதைப் பாருங்கள்: ஏக்கருக்கு எவ்வளவு, என்ன நிபந்தனை, பணம் எப்போது? குழுவிடம் நேரான பதில் இல்லை. விலைபோனவர் இப்படிக் குடையமாட்டார் என்பது என் கருத்து. ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது 1900-இல்தான். அதுவரை குத்தகைப் பணம் வந்தது. பிறகு ஆளுக்கு 160 ஏக்கர், மீதி நிலம் 1901-இல் குலுக்கல் முறையில் வெள்ளையருக்கு. பொது மேய்ச்சலுக்கென விட்டுவைத்த 'பிக் பாஸ்ச்சர்' 4,80,000 ஏக்கரும் 1906-இல் ஏலத்துக்குப் போனது.