கத்தியில் ஏறும் அந்தக் கறுப்புக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்கு முன்)

கோண்டாவில்:
வணக்கம். சனிக்கிழமை வேலைத்தள வகுப்புக்கு ஒரு கைந்நூல் எழுதுகிறேன்: மடக்குக்கத்தியை வீட்டிலேயே திருத்துவது. மாணவர் ஒருவரின் மாமா பிரான்சில் இருந்து கொண்டுவந்த ஒப்பினெல் கத்தி அது. மாரியில் பீச் மரப்பிடி ஊதி, அலகு வெளியே வராமல் அடம்பிடிக்கிறது. பூட்டு வளையத்தைக் குறட்டால் கழற்றி, பிடியைக் காயவிட்டு, பிளவின் உட்பக்கத்தை அரத்தாளால் தேய்த்து மெழுகு விடும் வரைக்கும் எழுதியாயிற்று. சிக்கல் அலகில்தான். அது காபன் உருக்கு. சவர்க்காரம் போட்டுக் கழுவி, சூடான வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் சாம்பலாகி, பிறகு கறுக்கும். அப்பச்சோடா நீரில் அலசி எண்ணெய் பூசினால் சிவப்புக் கறள் இலேசில் பிடிக்காது. இந்தக் கறுப்புப் படைக்கு என்ன சொல்? ஆங்கிலச் சொல்லையே ‘பற்றினா’ என்று எழுதி வெட்டிவிட்டேன். வெள்ளி அச்சுக்குப் போகவேண்டும்.

உரும்பிராய்:
‘களிம்பு’ இருக்கிறதே, அண்ணை.

நல்லூர்:
களிம்பா! சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு ஆணவ மலத்துக்கு உவமை, தம்பி. செம்போடு கூடவே இருப்பது. நீர் வினாகிரி ஊற்றி இடையில் ஏற்றுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதுபோக, இன்றைக்குக் களிம்பு என்றால் புண்ணுக்குப் பூசுவது.

ரொறன்ரோ:
காப்புக்கறள். நல்ல யாழ்ப்பாணச் சொல், வேறு தேட வேண்டாம்.

மதுரை:
மன்னிக்கவும், கறள் என்றால்? துருவா? அப்படியானால் ‘காப்புத்துரு’ என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் புரியும்.

ரொறன்ரோ:
எல்லோருக்கும் என்றால் உங்களுக்கு.

கோண்டாவில்:
சண்டை வேண்டாம். கறளோ துருவோ, அந்தச் சொல்லைக் கண்டால் பெடியள் அரத்தாளை எடுத்துத் தேய்த்துவிடுவார்கள். காக்கவேண்டியதே அதைத்தான்.

திருநெல்வேலி (நம்மூர்த் திருநெல்வேலி):
இரசாயனம் படிப்பிப்பவன் என்ற முறையில் ஒன்று. சிவப்புக் கறள் பொருபொருவென்று உதிரும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். கறுப்பு இறுக ஒட்டியிருக்கும். வினாகிரிக்குப் பதில் கடும் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தாலும் கறுக்கும். ஆனால் அது தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனின் இரும்போடு சேர்ந்து வரும் கறுப்பு, பழைய கடுக்காய் மையின் உறவு. அதனால் ஒட்சைட்டு, துரு என்று பெயரில் கட்டிவிட வேண்டாம். ‘கறை’ போதும்.

நல்லூர்:
கறை அருமை! புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் இறைவன் மிடற்றுக் கறை அணியாகவே வருகிறது. யானைக்குக் ‘கறையடி’ என்று பெயர். அங்கே கறை என்றால் உரல். இன்னும் சொன்னால்…

உரும்பிராய்:
ஐயா, ஒரு நிமிடம். துருப்பிடிக்காததை ‘கறையில் உருக்கு’ என்று படிப்பித்துவிட்டோம். ஒரு பெடியன் அதைக் ‘கறைக்குள் போட்டு உருக்கு’ என்று விளங்கிக்கொண்டான். இப்போது கறையும் நல்லது என்றால்?

மதுரை:
‘காப்புக்கருப்பு’?

நல்லூர்:
கறுப்பு! வல்லின றகரம்.

மதுரை:
எங்கள் பக்கம் இரண்டும் எழுதுவோம் ஐயா.

நல்லூர்:
எழுதுங்கள். தொல்காப்பியர் கறுப்பையும் சிவப்பையும் முதலில் வெகுளிக்குத்தான் சொன்னார், நிறம் அடுத்த நூற்பாவில். உங்கள் கத்தி கோபித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள் வரும்.

கோண்டாவில்:
வகுப்பில் கேட்டேன். மாங்காய் வெட்டிய கத்தியை ஒரு பிள்ளை தூக்கிக் காட்டினாள். வாய்ப்பக்கம் நீலம், முதுகுப்பக்கம் கறுப்பு. “இதைத்தானே சேர் சொல்லுறீங்கள், மாங்காய்க் கறுப்பு” என்றாள். அச்சில் ‘காப்புக்கறுப்பு’ என்று போட்டு, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘மாங்காய் வெட்டினால் கத்தியில் ஏறுவது போல’ என்று எழுதுகிறேன். நால்வர் சரி என்கிறீர்கள். மற்றவர்கள் களைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ரொறன்ரோ:
நான் களைக்கவில்லை. காப்புக்கறள்.