கால்கரிக்குப் புதுசு, டீமில் ஃப்ளை ஃபிஷிங் கூப்பிடுகிறார்கள்: போகலாமா?

"ஜூலையில் டீம் அவுட்டிங். கைடு வைத்து, 'போ' (Bow) ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங். எனக்கு நீச்சலும் தெரியாது, தூண்டிலும் பிடித்ததில்லை. ஏதாவது சாக்கு சொல்லித் தப்பித்துவிடவா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்.

தப்பிக்க வேண்டாம், போயிட்டு வாங்க. ஃப்ளை ஃபிஷிங் என்றால் ஒரு பொய்ப் பூச்சியை (அதுதான் ஃப்ளை) தூண்டிலில் கட்டி வீசி மீன் பிடிப்பது. நான் கனடாவில் இந்தக் கால்கரிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் தடவை செய்யக்கூடாததையெல்லாம் செய்துவிட்டு வந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். (ஆற்றின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து 'பௌ' என்று படித்துவிடாதீர்கள். வில் செய்ய மரம் வெட்டிய கரை என்பதால் வந்த பெயர், 'போ' என்றுதான் சொல்ல வேண்டும்.)

முதல் வேலை லைசென்ஸ். கைடுக்குக் கொடுக்கும் பணத்தில் இது வராது, அவரவர் வாங்க வேண்டும். கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாண அரசின் ரெல்ம் (AlbertaRELM) இணையதளத்தில் முதலில் 'வின்' (WiN) என்ற அடையாள எண் எடுத்து, அதன்மேல் மீன்பிடி லைசென்ஸ் வாங்கவேண்டும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும். நீங்கள் இந்த மாகாணவாசி என்ற கணக்கில் வருகிறீர்களா இல்லையா என்று பார்த்துச் சரியான பிரிவைத் தேர்ந்தெடுங்கள். பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்க இது செல்லாது, அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

இரண்டாவது, கைடிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நம்மாட்கள் சறுக்குவது இங்கேதான். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "கொஞ்சம் பழக்கம் உண்டு" என்று தலையாட்டிவிடுவோம். நானும் ஆட்டினேன். விளைவு, என்னைப் படகின் முன்பக்கம் நிற்க வைத்துவிட்டார்கள். மூன்றாவது வீச்சிலேயே முள் போய் கைடின் தொப்பியில் மாட்டியது. நல்ல மனுஷன், "இன்னைக்கு முதல் மீன்" என்று சிரித்தபடி கழற்றினார். நீச்சல் தெரியாது, கறி சாப்பிட மாட்டேன், முட்டி வலி இருக்கிறது, இப்படி எதுவானாலும் ஒரு வாரம் முன்னாடியே மெயில் போட்டுவிடுங்கள். மதியச் சாப்பாடு பெரும்பாலும் அவரே கொண்டுவருவார். சொல்லாமல் போனால் ஹாம் சாண்ட்விச்தான். நான் இப்போதெல்லாம் ஒரு டப்பா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போகிறேன், கைடும் பங்குக்கு வருகிறார்.

படகு என்றதும் பயப்படாதீர்கள். ஒகேனக்கல் பரிசலில் ஏறியிருக்கிறீர்கள் இல்லையா, அதைவிட இது நிதானம். கைடு நடுவில் உட்கார்ந்து துடுப்பு போடுவார், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று வீசுவார்கள். நகருக்குள் ஆற்றில் இறங்கினால் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், அது கால்கரி நகராட்சிச் சட்டம். நகரைத் தாண்டிய பிறகும் கழற்றாதீர்கள். பனியாற்றிலிருந்து வரும் தண்ணீர், ஜூலையிலும் குளிர்ந்துதான் இருக்கும்.

உடை விஷயத்தில் நான் பட்டது: ஜீன்ஸும் பருத்தி ஹூடியும் போட்டுக்கொண்டு போனேன். காலை எட்டு மணிக்குக் குளிர், மதியம் சுள்ளென்று வெயில், மூன்று மணிக்கு ஆலங்கட்டி மழை. நனைந்த ஜீன்ஸ் சாயங்காலம்வரை காயவே இல்லை, பல் தந்தியடித்தது. பருத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டு, சீக்கிரம் காயும் சட்டை, மேலே ஒரு ஃப்ளீஸ், ஒரு மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் கட்டாயம். தண்ணீர்க்குள் மீன் தெரிவதற்கு மட்டும் இல்லை, பறக்கும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் அதுதான். கொசு மருந்தில் டீட் (DEET) என்ற ரசாயனம் இருந்தால் உள்ளங்கையில் படாமல் பூசுங்கள், அது ஃப்ளை லைன் என்ற தூண்டில் கயிற்றின் பூச்சையே கரைத்துவிடும். இடி இடித்தால் கைடு படகைக் கரையில் ஏற்றிவிடுவார், அப்போது தூண்டில் கம்பைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். அது கார்பன் ஃபைபர், மின்னலுக்கு நல்ல வழி.

கம்பு, ரீல், ஃப்ளை எல்லாம் கைடே தருவார், எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் வீசுவதை மட்டும் பழகிக்கொண்டு போங்கள். ஊரில் வாய்க்காலில் தூண்டில் போட்டவர்களுக்கே இது தலைகீழாக இருக்கும். அங்கே ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃப்ளைக்கு எடையே கிடையாது, நூலும் இறகும் சுற்றிய ஒரு பொய்ப் பூச்சி அது. கனமெல்லாம் லைனில்தான். பின்னால் வீசியதும் லைன் முழுசாக நீளும்வரை ஒரு நொடி பொறுத்து, அப்புறம் முன்னால் தள்ளவேண்டும். பொறுக்காவிட்டால் சாட்டை மாதிரி 'பட்'டென்று சத்தம் வரும், ஃப்ளை அறுந்துபோயிருக்கும். யாரிடமாவது கம்பு இருந்தால் இரவல் வாங்கி, முள்ளுக்குப் பதில் ஒரு கம்பளி நூலைக் கட்டி, பார்க் புல்தரையில் அரைமணி நேரம் இரண்டு நாள் வீசிப் பாருங்கள். நாய் கூட்டிப்போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

மீன் கடிக்கும் நொடியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தண்ணீர்மேல் ஃப்ளை மிதந்துபோகிறது, அடியிலிருந்து ஒரு மூக்கு மெதுவாக எழும்பி அதை உறிஞ்சுகிறது, ஒரு சின்ன வளையம், அவ்வளவுதான். நான் விரால் இழுக்கிற மாதிரி வெடுக்கென்று இழுத்தேன், நுனி நரம்பு அறுந்தது. கம்பைச் சும்மா உயர்த்தினால் போதும்.

மீனை வீட்டுக்கு எடுத்துவரலாமா என்று வீட்டம்மா கேட்பார். முடியாது. கால்கரிக்குக் கீழே நீங்கள் போகப்போகிற பகுதியில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும், புழு மாதிரி இரையும் தடை. இவ்வளவு காசு கொடுத்துப் பிடித்து விடுவதா என்று எனக்கும் முதலில் வயிறெரிந்தது. அதில் பெரும்பாலான மீன் இந்த ஆற்றுக்கே சொந்தமில்லை, அது வேறு கதை. 1925இல் குஞ்சு ஏற்றிவந்த லாரி பான்ஃப் பக்கம் பழுதாகி நிற்க, செத்துவிடுமே என்று ஓடையில் கொட்டியதில் வந்ததாம் பிரவுன் டிரவுட். நம்ம நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் டிரவுட் விட்டது நினைவுக்கு வரும். ஃபோட்டோ எடுப்பதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய் மீனுக்கு நோய் வரும். ஒரு படம், உடனே தண்ணீருக்குள்.

கைடுக்கு டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம், ஆபீஸ் கொடுக்கிறதா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வாழைப்பழம் கொண்டுபோகாதீர்கள். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் மாட்டாது என்று இவர்களிடம் பழைய நம்பிக்கை. நமக்கோ அது இல்லாமல் நல்ல காரியமே இல்லை. நான் பையில் ஒரு சீப்பு வைத்திருந்தேன், கைடு கரையிலேயே சாப்பிடச் சொல்லிவிட்டார்.

மீன் சாப்பிட்டே ஆகணும் என்பவர்களுக்கு: மாகாணத்தில் பல குளங்களில் அரசே ரெயின்போ டிரவுட் விடுகிறது, எடுத்து வரலாம். ஒருவருக்கு எத்தனை என்று அந்த வருஷ விதிப்புத்தகத்தில் அந்தக் குளத்தின் பெயரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குழம்பு வைத்தால் புளியைக் குறைத்து, இறக்கும் நேரத்தில் துண்டு போடுங்கள். சதை மெத்தென்று இருக்கும், கொதிக்கவிட்டால் கரைந்துவிடும்.