மலையகம் போய் வந்தவர்களே, யாரோடு பேசினீர்கள்?

வெள்ளவத்தை வாசி:
போன மாதம் அப்புத்தளை. தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கிற லிப்டன் சீற் என்ற காட்சி முனையிலிருந்து நடந்து இறங்கும்போது நடந்தது. எல்லாரும் எடுக்கிற அதே படம்தான்: பனி, பச்சை, கொழுந்து எடுக்கிற பெண். போனைத் தூக்கிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கிவிட்டேன். அந்த அக்கா நிமிரவே இல்லை, கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது படத்துக்கு, "தம்பி, என் நெரையில நிக்கிறீங்க, தள்ளுங்க" என்றார். அசடு வழிய ஐந்நூறு ரூபா நீட்டினேன். "காசு வேணாம். கிலோ கொறஞ்சா அரப்பேர் போட்டுருவாங்க." அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளமாம், கீழே ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரியும். நாள் முழுக்க மலையில் நின்றாலும் நிறுவை போதாவிட்டால் பாதிதான். நான் நின்றது ஐந்து நிமிடமாவது இருக்கும்.

தெஹிவளை, ஓய்வூதியர்:
எனக்கு ரயிலில். கோட்டையிலிருந்து உடரட்ட மெனிக்கே, எதிர் சீற்றில் ஒரு பெரியவர், மடியில் பேரப்பிள்ளை. பேச்சு வாக்கில், "உங்களுக்கு இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நம் வீடுகளில் அப்படித்தானே பேசுவோம். அவர் சிரித்தார். "நான் பொறந்தது டிக்கோயா. அப்பா பொறந்ததும் டிக்கோயா. ஒங்க தாத்தா எங்கங்க பொறந்தாரு?" என் தாத்தா பிறந்தது மலாயாவில். யாழ்ப்பாணம் என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹட்டனில் இறங்கும்போது பேரனுக்கு வாங்கின வடையில் ஒன்றை எனக்கும் தந்துவிட்டுப் போனார்.

கொட்டாஞ்சேனை, ஊர் மஸ்கெலியா:
வெள்ளவத்தைத் தம்பி, அரைப்பேர் உங்களுக்குப் புதுசு. 2021இல் ஆயிரம் ரூபா சம்பளம் வந்தபோது கொழும்பில் எல்லாரும் பெரிய விஷயம் என்றார்கள். கூடவே பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோவையும் கூட்டினார்கள், அதைப் பற்றி யார் பேசினீர்கள்?

தெஹிவளை ஐயா, கெட்ட எண்ணம் இல்லை என்கிறீர்கள், சரி. ஆனால் அந்தக் கேள்வியை எங்களிடம் முதலில் கேட்டது அரசாங்கம். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழி என்று 1948இல் சட்டம் போட்டு எங்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே என்று ஆளை எண்ணிப் பிரித்தார்கள். என் பெரியம்மா அப்படித்தான் தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் போய் அதே கொழுந்துதான் எடுத்தார். அங்கே அவருக்குப் பேர் 'சிலோன்காரி'. இங்கே மிச்சம் இருந்தவர்களுக்கு முழுசாகக் குடியுரிமை கிடைக்க 2003 ஆனது.

என் அனுபவம் சின்னது. கொழும்பில் வாடகைக்கு அறை பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா தமிழ்தான். அன்பாகத்தான் பேசினார். "தோட்டமோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அறை போய்விட்டது என்றார். கேற்றில் 'வாடகைக்கு' மட்டை அடுத்த கிழமையும் தொங்கியது.

நுகேகொடை:
நானும் போனேன், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயத்தில் பிளேன்டீ தந்தார்கள், அருமை. போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். லிப்டன் சீற்றுக்கு விடியவே போய்விடுங்கள், பிந்தினால் பனி மூடி ஒன்றும் தெரியாது. அப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன பஸ் எடுங்கள், அங்கே 1890இல் லிப்டன் கட்டின தொழிற்சாலை இருக்கிறது. அதிலிருந்து மேலே ஏழு கிலோமீற்றர் அளவில் நடை. ஏறும்போது ஆட்டோ, இறங்கும்போது நடை என்று வைத்தால் முழங்காலுக்கு... இல்லை, இறக்கம்தான் முழங்காலுக்குக் கூடாது, மாற்றிச் செய்யுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். அட்டை கடிக்காமல் இருக்க சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கு டொபி கொடுக்காதீர்கள், கொப்பி பென்சில் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனை, ஊர் மஸ்கெலியா:
அந்தப் பாதை மேலே வரைக்கும் தார் ரோடு அண்ணா. சவர்க்காரம் எதுக்கு?