எஸ்பிஎல் தேர்தல் முடிந்தது. இனி மாணவர் தலைவருக்கு என்ன வேலை தருவது?

கேள்வி – சமூக அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி

வணக்கம். எங்கள் பள்ளியில் எஸ்பிஎல்லை, அதாவது பள்ளி மாணவர் தலைவரை, தலைமையாசிரியரே நியமிப்பதுதான் வழக்கம். இவ்வாண்டு அதை மாற்றி, நோட்டுத் தாள்களை வெட்டி வாக்குச்சீட்டு செய்து, ஆய்வகத்தை வாக்குச்சாவடியாக்கி, விரலில் மை வைத்து முறையாகத் தேர்தல் நடத்தினோம். பிள்ளைகள் மிகுந்த உற்சாகத்தோடு வாக்களித்தார்கள். ஆனால் வென்ற பத்தாம் வகுப்பு மாணவி இந்த இரண்டு மாதங்களில் செய்ததெல்லாம், காலை வழிபாட்டில் "நேராக நில், இயல்பாக நில்" என்று கட்டளை இடுவதும், ஆசிரியர் இல்லாத பாடவேளையில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகை ஓரத்தில் எழுதுவதும்தான். சென்ற வாரம் என்னிடம் வந்து, "டீச்சர், எனக்கு ஓட்டுப் போட்டவங்க பேரையே நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கு, வேற யாரையாவது போட்டுடுங்க" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. வாக்குகளை எண்ணும்போது, எந்தத் தெருப் பிள்ளைகள் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தது. இவ்விரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

பதில் – ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

அம்மா, அந்த மாணவி சொன்னது மிகச் சரி. ஆசிரியரின் கண்ணாக இருப்பதும் மாணவரின் குரலாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணான வேலைகள். இரண்டையும் நாம் ஒரே சட்டைப் பையில் குத்தும் பதக்கத்தில் அடைத்துவிட்டோம். இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் அர்னால்டு, மேல் வகுப்பு மாணவர்களிடம் ஒழுங்கைக் காக்கும் அதிகாரத்தை ஒப்படைத்தார். அந்த ஏற்பாட்டின் சாயல்தான் நம் எஸ்பிஎல் பதவி. கண்காணிப்புக்காக உருவான பதவிக்குத் தேர்தலை மட்டும் ஒட்டவைத்தால் இப்படித்தான் ஆகும்.

முதல் வேலையாகக் கரும்பலகையில் பெயர் எழுதுவதை நிறுத்துங்கள். அடுத்து, வகுப்புக்கு இருவர் வீதம் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் கூடட்டும். ஒரு குறிப்பேட்டில் கோரிக்கைகளை எழுதட்டும். தலைமையாசிரியர் ஒரு வாரத்துக்குள் அதன் கீழேயே தம் கைப்பட முடிவை எழுத வேண்டும். மறுத்தாலும் பரவாயில்லை, ஆனால் காரணம் எழுத வேண்டும். நான் இதைத் தொடங்கியபோது முதல் கோரிக்கை தட்டு கழுவும் குழாயைப் பற்றியது. மதிய உணவு முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால், சின்னப் பிள்ளைகளுக்குக் குழாய் கிடைப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது என்று இரண்டு மாணவர்கள் மூன்று நாள் நின்று எண்ணி எழுதியிருந்தார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குப் பத்து நிமிடம் முன்னதாக மணி அடித்தோம். அவ்வளவுதான் தீர்வு, ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குறிப்பேடு காலியாக இருந்ததே இல்லை. (என் கையெழுத்து மோசம் என்றும் ஒரு புகார் வந்தது.)

பணம் தேவைப்படும் விஷயங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள். கழிப்பறை பற்றிப் பேசும் நாளில் உங்கள் எஸ்பிஎல்லையும் அழைத்து ஐந்து நிமிடம் பேச விடுங்கள்.

பதில் – தென்மாவட்ட மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்

தெருக் கணக்கைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே சாதி வெறியில் வெட்டிய பிறகு, அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் நிறக் கயிறு வரை அது பேசியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

நாங்கள் செய்தது ஒரு சிறு மாற்றம். ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். அவற்றுக்கு முறையே மூன்று, இரண்டு, ஒன்று என்று மதிப்பெண். முதல் பெயர் சொந்தத் தெருவுக்குப் போனாலும், மற்ற இரண்டும் வெளியே போகும் வாய்ப்பு அதிகம், அவையே வெற்றியை முடிவு செய்கின்றன என்பதால் எல்லோரிடமும் பழகுகிறவர்தான் ஜெயிக்கிறார். பதவிக்காலத்தையும் காலாண்டுத் தேர்வு வரை, அரையாண்டுத் தேர்வு வரை என்று சுருக்கிவிட்டோம். 2024 நவம்பரில் வந்த, மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் அரசுத் திட்டமான மகிழ் முற்றத்தின் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை குழுக்களில் தெரு கலந்துதான் இருக்கும். வேலைகளை அக்குழுக்கள் வழியாகப் பிரித்துக் கொடுங்கள்.

சக மாணவருக்குத் துணை நிற்கும் குழுவுக்கு மட்டும் தேர்தல் வேண்டாம். "மனம் சரியில்லாவிட்டால் வகுப்பில் யாரிடம் சொல்வாய்?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கினோம். திரும்பத் திரும்ப வந்த பெயர்களில் ஒன்று, எந்த மேடையிலும் ஏறாத கடைசி பெஞ்சுப் பையனுடையது. அவர்கள் கேட்டுக்கொள்ளலாம், அறிவுரை சொல்லக் கூடாது. அடி, தொல்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு என்று எது காதில் விழுந்தாலும் அன்றே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். 1098 (குழந்தைகள் உதவி), 14417 (பள்ளிக்கல்வி உதவி) ஆகிய எண்களை எழுதிக் கையில் கொடுத்திருக்கிறோம்.

பதில் – யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

இங்கு இவ்விரண்டும் தனித்தனியாகவே உள்ளன. ஒழுங்கைக் கவனிக்கும் மாணவத் தலைவர்களை அதிபரும் (உங்கள் வழக்கில் தலைமையாசிரியர்) ஆசிரியர்களும் தெரிவு செய்வார்கள்; சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள் கொண்ட மாணவர் பாராளுமன்றம் வேறு. ஆனால் நான் படித்த பாடசாலையில் அமைச்சர்கள் சின்னம் சூட்டும் நாளோடு காணாமற் போனார்கள். ஐயா சொன்ன குறிப்பேடு இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பெயர் எழுதுவதைத் திங்கட்கிழமையோடு நிறுத்திவிட்டோம்; அன்று வகுப்பில் சத்தம் கொஞ்சம் கூடுதல்தான். குறிப்பேட்டில் எஸ்பிஎல் எழுதிய முதல் வரி: "மாணவியர் கழிப்பறையில் மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தோழி ஒருத்தி வெளியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியுள்ளது." தலைமையாசிரியர் கீழே "சனிக்கிழமைக்குள்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.