அறிக்கைக் கோப்பு எழுத முடியாத அலாரம்: என்ன பெயர் வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மொபைல் நெட்வொர்க் மேலாண்மைத் திரையைத் தமிழாக்குவதில் ஒரு வரி இடறுகிறது. பேஸ் ஸ்டேஷன் (செல்பேசிகளோடு பேசும் கோபுர நிலையம்) 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன் எண்ணிகளை (எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை அறுந்தது) எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதி வைக்கும். நாளுக்கு 96 கோப்பு. அதை எழுத முடியாதபோது எழும் அலாரத்துக்குப் பெயர் வேண்டும். வரைவில் இருப்பது: ‘செயல்திறன் அறிக்கை எழுதுவதில் தோல்வி எச்சரிக்கை’. ‘அறிக்கை’ தவிர மற்றதெல்லாம் நெருடுகிறது.

---

> எச்சரிக்கை

இது நிற்காது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1992-இல் வெளியிட்ட எக்ஸ்.733 பரிந்துரை அலாரத்தின் கடுமையை ஆறு நிலையாகப் பிரிக்கிறது. அதில் ‘வார்னிங்’ ஒன்று; அதற்கு எச்சரிக்கையை விட்டால் நல்ல சொல் இல்லை. அலாரத்துக்கும் அதையே வைத்தால் திரை ‘எச்சரிக்கை எச்சரிக்கை’ என்று கூவும். ‘அபாய அறிவிப்பு’ ரயில் பெட்டிச் சங்கிலியை நினைவூட்டுகிறது. ‘பழுதுமணி’ கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் ‘பழுதுமணி 3 மணிக்கு அடித்தது’ என்று எழுத வேண்டிவரும். அலாரம் அலாரமாகவே இருக்கட்டும். வினைகளைத் தமிழில் வைப்போம்: அலாரம் எழும், அடங்கும்.

---

அன்பின் நண்பர்களுக்கு,

> செயல்திறன்

இலங்கையில் அரச நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ அறிக்கைக்குப் பெயர் ‘செயலாற்றுகை அறிக்கை’. ‘எஃபிஷியன்சி’க்கு வினைத்திறன் என்று தனிச்சொல் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் செயல்திறனே புழங்குவதால் குழப்பம். இந்தக் கோப்பில் இருப்பது திறன் அல்ல, நடந்தவற்றின் கணக்கு. செயலாற்றுகை பொருந்தும் என்பது என் எண்ணம்.

---

செயலாற்றுகைக்கு என் ஆதரவு. ஆனால் அதைப் பெயரின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். திரையில் முதல் சொல்லைப் பார்த்ததுமே சேவைத் தரம் விழுந்துவிட்டது என்று பதறுவார்கள். எக்ஸ்.733 வகைப்பாட்டில் இது சேவைத்தர அலாரம் அல்ல, செயலாக்கப் பிழை. அழைப்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கணக்குதான் எழுதப்படாது.

> தோல்வி

பெயர் அறிகுறியைச் சொன்னால் போதும், காரணத்தைச் சொல்லக் கூடாது. ஏனெனில் காரணம் பல. பலரும் வட்டின் இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையை ஓட்டி, வட்டில் கால்வாசிதான் நிரம்பியிருக்கிறது என்று கண்டு, மென்பொருள்மேல் பழி போடுவார்கள். கணக்குப் பாருங்கள்: 200 நிலையங்களின் கோப்புகளும் ஒரே வட்டில் சேர்ந்தால், நாளுக்கு 96 வீதம் 19,200 கோப்புகள். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்புமுறைமை இயல்பாக 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோடு (கோப்பு ஒன்றுக்கு ஒன்று வேண்டிய விவரப் பதிவு) ஒதுக்கும். வட்டில் 10 ஜிபி பகுதி ஒன்றில் 6,55,360. பழைய கோப்புகளைத் துடைக்கும் கிரான் பணி (குறித்த நேரத்தில் தானே ஓடுவது) நின்றுபோனால் 34 நாளில் ஐநோடு தீரும். கோப்பு ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் அப்போது வட்டில் கால்பங்குதான் நிரம்பியிருக்கும். ஆனாலும் பதிவேட்டில் பிழை எண் 28, ‘இடமில்லை’. ‘டிஎஃப்’ கட்டளைக்கு ‘ஐ’ விருப்பம் கொடுத்தால்தான் இது தெரியும்.

எழுதிப் பார்க்கும் சோதனையிலும் இரண்டு கண்ணி உண்டு. ரூட் பயனராக (எல்லா அனுமதியும் உள்ளவர்) சோதித்தால் எழுதிவிடும், ஏனெனில் இஎக்ஸ்டி4 இயல்பாக 5 விழுக்காட்டை ரூட்டுக்கு ஒதுக்கி வைக்கிறது. சேவை ஓடும் பயனராகவே சோதியுங்கள். ‘டச்’ கட்டளை போதாது, இடம் தீர்ந்த வட்டிலும் அது பெரும்பாலும் வெற்றுக்கோப்பை உருவாக்கிவிடும். ‘டிடி’ கட்டளை கொண்டு ஒரு எம்பி எழுதுங்கள்.

பிழை எண் 13 என்றால் அனுமதி. அடைவின் உரிமையாளரைப் பாருங்கள், அது சரியென்றால் எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு அடுக்கைப் பாருங்கள். 30 என்றால் கோப்புமுறைமை படிக்க மட்டும் என்று மாறியிருக்கிறது; பெரும்பாலும் வட்டுப் பிழைக்குப் பிறகு கெர்னல் (இயங்குதளத்தின் கரு) தானே செய்வது. கெர்னல் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ பார்க்காமல் மறுபடி ஏற்றினால் சேதம் கூடும்.

---

அப்படியானால் ‘எழுதுதடை’? எழுதுகோல் போல வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது.

---

எழுதுகோல் எழுதும் கோல். எழுதுதடை எழுதும் தடையா? ‘எழுத்துத் தடை’ என்றால் எழுத்தாளருக்குக் கற்பனை வறண்ட கதை. ‘எழுதாமை’ என்றால் எழுத மறந்ததையும் அது குறிக்கும்; எழுதும் பணியே ஓடாத நாளில் கோப்பு வராததற்கும் இதற்கும் வேறுபாடு வேண்டும். இயலாமை எல்லோரும் அறிந்த சொல்: ‘எழுதவியலாமை’. காரணம் எதுவானாலும் பொருந்தும்.

---

சரி. பட்டியலில் ‘கோப்பு எழுதவியலாமை: செயலாற்றுகை அறிக்கை’. உதவிக்குறிப்பில் வாக்கியமாக: ‘அறிக்கைக் கோப்பை எழுத முடியவில்லை. இடம், ஐநோடு, அனுமதி ஆகியவற்றைச் சரிபார்க்கவும்.’

கூடவே இரண்டு வரி சேர்க்கலாம். மேலாண்மைச் சேவையகம் எடுத்துக்கொண்ட கோப்புகளை மட்டுமே துடைக்க வேண்டும். கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளைக்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் இவ்வளவு கோப்புக்குப் பட்டியல் நீளம் என்று மறுக்கும், ‘ஃபைண்ட்’ கட்டளையின் ‘டெலீட்’ விருப்பம்தான் வழி. இடம் வந்த உடனே அலாரம் அடங்காது. அடுத்த கோப்பு எழுதப்படும் வரை, அதாவது 15 நிமிடம்வரை பொறுக்க வேண்டும். இடையில் விடுபட்ட காலத்தின் எண்ணிக்கை நினைவகத்தில் இல்லையென்றால் போனது போனதுதான்.

ஐநோடுக்குத் தமிழ்ச்சொல் தேடுபவர்கள் தனி இழை தொடங்குங்கள். இங்கே வேண்டாம்.